மனப்பாடம் கைகொடுக்காத மேடை

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் பேச்சுப் போட்டி மேடை ஏறாதவர்கள் நம்மில் குறைவு. ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரையை நெட்டுருப் போட்டு, அவையோருக்கு வணக்கம் சொல்லி, மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டு இறங்குவோம். இடையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் அது அநாகரிகம்.

சட்டத்துறை மாணவர்கள் மோதும் மாதிரி நீதிமன்றப் போட்டியில், அதாவது ‘மூட் கோர்ட்’டில், எல்லாமே தலைகீழ். நீங்கள் பேசத் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் நீதிபதி குறுக்கிடுவார். பதிலை முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் இன்னொரு கேள்வியை வீசுவார். அவர்கள் ஒன்றுமே கேட்காமல் உங்களைப் பேச விட்டால்தான் கவலைப்பட வேண்டும். நான் இரண்டு ஆண்டுகள் இந்தப் போட்டிக்காக உழைத்தேன். இப்போது இளைய அணிக்குப் பயிற்சியில் உதவுகிறேன். மேடைப் பேச்சில் பரிசு வாங்கிக் குவித்த நம் பிள்ளைகள் இங்கே முதல் வாரத்திலேயே திணறுவதையும், சில மாதங்களில் மற்றவர்களை முந்துவதையும் பார்க்கிறேன். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம். உலகெங்கும் இத்தகைய போட்டிகள் பல நடக்கின்றன. அனைத்துலகச் சட்டத்தில் பெரிய பெயர் ஜெசப் போட்டிக்குத்தான். 1960-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தப் போட்டி, பின்னாளில் அனைத்துலக நீதிமன்ற நீதிபதியாக இருந்த பிலிப் ஜெசப்பின் பெயரைத் தாங்கியது. ஆண்டுதோறும் இரண்டு கற்பனை நாடுகளுக்கு இடையே ஒரு கற்பனை வழக்கை வெளியிடுவார்கள். ஒவ்வோர் அணியும் இரண்டு தரப்புக்கும் எழுத்துப்பூர்வ வாதம் தயாரிக்க வேண்டும். பிறகு வாய்மொழிச் சுற்று: ஓர் அணிக்கு 45 நிமிடம், அதை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு சுற்றில் வழக்குத் தொடுத்த நாட்டுக்காகப் பேசியவர், அடுத்த சுற்றில் எதிர்த்தரப்பில் நிற்பார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேசியச் சுற்றில் வெல்லும் அணிகள் வாஷிங்டனுக்குப் போகும்.

இங்கே ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். சட்டப்படி எந்த நாட்டின் பக்கம் நியாயம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. கையில் கிடைத்த தரப்பை எவ்வளவு நன்றாக வாதிட்டீர்கள், கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். பலவீனமான தரப்பில் நின்றும் வெல்லலாம்.

எங்கள் பயிற்சியாளர் முதல் மாதம் அந்தக் கற்பனை வழக்கைத் தொடவே விடவில்லை. கையில் கொடுத்தது ஓர் உண்மை வழக்கு: பத்து பூத்தே. சிங்கப்பூரில் இதைப் பெட்ரா பிராங்கா என்பார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 2003-இல் சிறப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு நெதர்லாந்தின் திஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கு. ஜெசப் வழக்குகளும் இப்படித்தான், இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியே நீதிமன்றத்துக்கு வருவதாக அமைக்கப்படுகின்றன. அதனால் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு இல்லை.

நான் ஜொகூர்காரி. எனக்குக் கிடைத்தது சிங்கப்பூர் தரப்பு.

“ஏம்மா, நம்ம நாட்டுக்கு எதிராவா பேசப் போற?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாள் மனதில் கிடந்தது. வரைபடத்தைப் பார்த்தாலே போதும், தீவு ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல், சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல். பிறகு இதில் வாதாட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

தீர்ப்பைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வழக்கின் ஆழம் தெரிந்தது. 1851-இல் பிரிட்டிஷார் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தார்கள். 1953 ஜூனில் சிங்கப்பூரின் காலனித்துவச் செயலாளர் ஜொகூருக்கு எழுதி, அந்தத் தீவின் நிலை என்ன என்று விவரம் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார்: அந்தத் தீவுக்கு ஜொகூர் அரசாங்கம் சொந்தம் கொண்டாடவில்லை. கடிதத்தின் சாரம் ஒரே ஒரு வாக்கியம்தான்.

பயிற்சிச் சுற்றில் நான் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்ததும் கேள்வி வந்தது. “எழுதியவர் ஒரு தற்காலிக அதிகாரி. அவர் நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க முடியுமா?” அதற்குப் பதில் சொல்லும்போதே அடுத்தது: “சொந்தம் என்பதும் இறையாண்மை என்பதும் ஒன்றா? சிங்கப்பூர்க்காரர் ஜொகூர் பாருவில் வீடு வாங்கினால் அந்த நிலம் சிங்கப்பூர் ஆகிவிடுமா?”

நல்ல கேள்விகள். இரண்டுமே மலேசியத் தரப்பின் வாதங்களோடு ஒட்டியவை. முந்தைய இரவு நானும் என் சக வாதியும் நூலகம் மூடும்வரை உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: சின்னதை விட்டுக்கொடுத்துப் பெரியதைக் காப்பாற்றுவது. கடிதம் எழுதியதால் மட்டும் தீவு கைமாறியது என்று நாங்கள் சொல்லவில்லை என்றேன். தீவு தன்னுடையது அல்ல என்றே 1953-இல் ஜொகூர் கருதியது என்பதற்கு அது சான்று. அதன் பிறகு சிங்கப்பூர் அங்கே கப்பல் விபத்துகளை விசாரித்தது, மலேசிய அதிகாரிகள் போவதற்குக்கூட அனுமதி கேட்க வைத்தது, 1977-இல் இராணுவத் தொடர்புக் கருவி பொருத்தியது. மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. 1962 முதல் 1975 வரை மலேசியா வெளியிட்ட வரைபடங்கள் சிலவும் தீவைச் சிங்கப்பூருக்கு உரியதாகவே காட்டின. இந்த வரிசையில் கடிதம் ஒரு கண்ணி மட்டுமே என்றேன். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுத்த வாரம் தரப்பு மாறியது. மலேசியாவுக்காக எழுந்து நின்றபோது, என் வாதத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது எதிரணியைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. இரு தரப்பும் பேச வைப்பதன் பலன் இதுதான். ஜொகூர் சுல்தானகத்துக்குத் தொன்றுதொட்டு உரிமை இருந்தது என்ற மலேசியாவின் வாதத்தை அனைத்துலக நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. தீவு யாருக்கும் சொந்தமற்றதாகக் கிடந்தது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆனால் 1980-க்குள் அந்த உரிமை சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று நீதிமன்றம் கண்டது. 2008 மே 23-இல் வந்த தீர்ப்பு 12-க்கு 4. அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்குக் கிடைத்தன. 2007 நவம்பரில் திஹேக்கில் சிங்கப்பூருக்காகப் பேசியவர்களில் அப்போதைய துணைப் பிரதமர் எஸ். ஜெயக்குமாரும் ஒருவர். அரசியலுக்கு வருமுன் சட்டப் பேராசிரியராக இருந்தவர்.

இப்போது நம் பேச்சாளர்களிடம் வருகிறேன். சென்ற ஆண்டு சேர்ந்த ஒரு தங்கை, இடைநிலைப்பள்ளியில் மாநில அளவில் பரிசு வாங்கியவர். குரல், நிமிர்ந்த நிலை, கண் பார்வை எல்லாம் அப்படியே கைவசம். ஆனால் முதல் கேள்விக்கு அவர் சொன்னது, “அதற்குப் பின்னர் வருகிறேன்.” நீதிபதியாக அமர்ந்திருந்த மூத்தவர் விடவில்லை. “வேண்டாம், இப்போதே சொல்லுங்கள்.” தங்கை ஒரு கணம் நின்றார், பிறகு விட்ட இடத்திலிருந்து மனப்பாடத்தைத் தொடர்ந்தார். உரை முடிந்தது, கேள்வி அப்படியே நின்றது.

நாங்கள் அவரிடமிருந்து தாளை வாங்கி வைத்தோம். ஒரே பக்கத்தில் நான்கு தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் வழக்குப் பெயர்கள், அவ்வளவுதான் அனுமதி. கேள்வி வந்தால் முதல் சொல் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. காரணம் அடுத்த வாக்கியத்தில். மூன்றாவது வாக்கியத்தில் தன் வாதத்துக்குத் திரும்ப வேண்டும். பட்டிமன்றத்தில் எதிரணியின் சொல்லைப் பிடித்து மடக்கிப் பழகியவர் அல்லவா, ஒரு மாதத்தில் கேள்விகளை எதிர்பார்த்தே நிற்கத் தொடங்கினார். மேடைக் கூச்சம் முன்பே போயிருந்தது பெரிய முதலீடு. அது இல்லாதவர்களுக்கு ஓர் ஆண்டே போய்விடும்.

ஆங்கிலம் பற்றிய தயக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெசப் தேசியச் சுற்று ஆங்கிலத்தில்தான் நடக்கும். சரளம் தேவை, உண்மைதான். ஆனால் அடுக்குமொழி தேவையில்லை. நீண்ட வாக்கியத்தில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர்கள் என்பது என் கணிப்பு. எட்டுச் சொல்லில் முடியும் வாக்கியத்தை நீதிபதிகள் விரும்புகிறார்கள். உச்சரிப்பைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தீர்ப்பின் பத்தி எண்ணைக் கேட்டுப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பெற்றோர் கேட்பார்கள். 1982-இல் ஜெசப் கோப்பையை வென்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அணியில் இருந்த ஸ்டீவன் சோங் பின்னர் தலைமைச் சட்ட அதிகாரியாகவும் மேல்முறையீட்டு நீதிபதியாகவும் ஆனார். அதே அணியின் டாவிந்தர் சிங், சிங்கப்பூரின் முன்னணி வழக்கறிஞர்களில் ஒருவர். எல்லாருக்கும் அது நடக்காது. என் அணியில் இருந்த ஒருவர் வழக்கறிஞர் தொழிலே வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இந்தப் பயிற்சியில்தான். அதுவும் நேரத்தோடு தெரிந்தது நல்லது என்கிறார்.

படிவம் 4, 5 மாணவர்கள் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்து பூத்தே தீர்ப்பு அனைத்துலக நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. சட்டம் படிக்காதவர்களுக்கும் அதில் வரலாற்றுப் பகுதி புரியும். தமிழிலேயே வாதிடுங்கள், தலைக்கு 10 நிமிடம். வரலாற்று ஆசிரியரை நீதிபதியாக உட்கார வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை குறுக்கிடச் சொல்லுங்கள். தீவு சலித்துவிட்டால் அருகிலுள்ள தெற்குத் திட்டை எடுத்துக்கொள்ளலாம். அலை வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை அது. எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த நாட்டுக்கே உரியது என்று சொல்லி நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. எந்த நாடு என்று பெயர் சொல்லவில்லை. யார் மலேசியா, யார் சிங்கப்பூர் என்பதை மட்டும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.