சின்ன வாசலுக்கு ஒரு செந்தளிர் மரம்

போச்சம்பள்ளி சிப்காட் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். வாசலில் நாலு முழம் மண், தலைக்கு மேல் மின்கம்பி. இதில் என்ன மரம் வைப்பது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கேள்விக்குச் சொல்லும் பதில்களில் ஒன்று ஸ்வீட்கம். நட்சத்திரம் போன்ற இலை, கீறினால் மணக்கும் பிசின். காட்டில் 20 மீட்டருக்கு மேல் ஓங்கும் மரம்தான். அதில் 'கம்பால்' என்றொரு குட்டை ரகம் உண்டு. ஏறக்குறைய 15 அடியோடு உருண்டையாக நின்றுவிடும். இலையுதிர் காலத்தில் மரமே சிவக்கும். இரவுக் குளிர் கூடும்போது பச்சையம் சிதைகிறது; இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உருவாகிறது. நம் மார்கழிக் குளிரை நம்பி அதை இங்கே வாங்கி நடுவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

அதே ஆந்தோசயனின் நம் தோப்புகளிலேயே இருக்கிறது. மாந்தளிரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: செம்பு நிறம், ஈரத்துணி போலத் துவண்டு தொங்கும். அந்த வயதில் இலைக்குள் பச்சையம் இன்னும் நிறையவில்லை. சுள்ளென்ற வெயிலைத் தாங்கும் வலுவும் இல்லை. அதுவரை நிறமி வெயிலை மறைத்துக் கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு எளிதில் படாது என்பது இன்னொன்று. சில வாரங்களில் இலை பச்சைக்கு மாறி விறைத்துக்கொள்ளும். அங்கே இலை உதிரப்போகும்போது வரும் சிவப்பு, இங்கே துளிர்க்கும்போதே வந்துவிடுகிறது. அதுவும் ஆண்டில் ஒருமுறை அல்ல, மரம் துளிர்விடும் போதெல்லாம்.

மாமரம் என்றால் தோப்பு அகலம் வேண்டுமே என்பார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் நீலம் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்துத் தந்த 'பையூர் 1' குட்டையாக வளர்வது. நெருக்கி நடவும் ஏற்றது. வடக்கே டெல்லியில் தசேரியையும் நம் நீலத்தையும் கலந்து உருவாக்கிய ஆம்ரபாலியும் அப்படித்தான்: இரண்டரை மீட்டருக்கு ஒன்று என்று வைத்து ஹெக்டேருக்கு 1,600 மரம் வரை நடுகிறார்கள். இரண்டையும் கொட்டை போட்டு வளர்க்க முடியாது, தாயின் குணம் அப்படியே வராது. ஒட்டுக்கன்றுதான் வேண்டும். போச்சம்பள்ளிக்குப் பக்கத்துச் சந்தூர் மா ஒட்டுக்கன்றுகளுக்கே பெயர் போன ஊர்.

நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அடிக்கன்று மேலோங்கும். குட்டை என்று வாங்கியது கம்பியைத் தொடும். காய்ப்பு முடிந்ததும் ஆண்டுதோறும் கவாத்து செய்வதும் அவசியம்.

தெருவோரத்துக்கு மட்டும் மாமரம் வேண்டாம் என்பேன். காய்க்கு எறியும் கல் யார் தலையிலாவது விழும். அங்கே மந்தாரை வைக்கலாம்.

செந்தளிர் காலத்தில் மரத்தடியைக் கவனியுங்கள். காம்போரம் கத்தரிக்கோலால் நறுக்கியது போலப் பிஞ்சிலைகள் கிடந்தால் அது இலைவெட்டும் வண்டின் வேலை. நடுநரம்பையொட்டி முட்டையிட்டுவிட்டு இலையை அறுத்துத் தள்ளும்; புழு அந்த இலையைத் தின்று வளர்ந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். மருந்தைத் தேடி ஓடுமுன் விழுந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி எரித்துவிடுங்கள்.