பஞ்சாரத்தைத் திறந்தது யார்?

அடை வைத்த எட்டாம் நாள் இரவு அத்தை டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போனார். கோழியை ஒரு கையால் மெல்ல ஒதுக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தின் மேல் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோலப் பரவியிருந்தால் கரு பிடித்திருக்கிறது. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் அது குஞ்சாகாது, எடுத்துவிடலாம். நாங்கள் வைத்தது 13 முட்டை. அன்று எண்ணினால் 14.

அந்தப் பதினான்காவது முட்டை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. வெளிச்சம் உள்ளே போகவே இல்லை. அத்தை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் அலையவில்லை.

“இது வெந்த முட்டை, கண்ணு” என்றார்.

அப்போது ஆறு வயதான என் மகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு ஓட்டோடு கொடுத்த முட்டை அது. தின்னாமல் டவுசர் பையில் போட்டுக் கொண்டுவந்து, கோழி இரை பொறுக்க இறங்கிய நேரம் பார்த்து உள்ளே வைத்துவிட்டான். ஐந்து நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. நான் முதலில் கேட்டது, “ஏன்டா சாப்பிடல?” என்றுதான். அவன் எதற்காக அதை வைத்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. அத்தைதான் கேட்டார். “என் முட்டையும் குஞ்சாகட்டும்னு வெச்சேன் அப்பாயி.”

வேக வைத்த முட்டை குஞ்சு பொரிக்காது என்று அவனுக்குப் புரியவைப்பது எளிதாக இருந்தது. அடுத்து அவன் கேட்டதற்குத்தான் திணறினேன். “வேக வைக்காம வெச்சிருந்தா?”

அப்போதும் பொரிக்காது. ஏனென்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் நாமக்கல் பக்கத்துப் பெண். என் அப்பா முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை பார்த்தவர். கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக நிற்கும் கொட்டகைக்கு நடுவேதான் என் சின்ன வயசு கழிந்தது. கூண்டின் தரை முன்பக்கம் சரிந்திருக்கும். கோழி இட்ட முட்டை அதன் காலடியில் நிற்காமல் உருண்டு வெளியே வந்துவிடும். அங்கே சேவல் கிடையாது, அதனால் முட்டைக்குள் கருவும் கிடையாது. வெள்ளை லெகார்ன் வழி வந்த அந்தக் கோழி வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். அடை உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டை இடாது என்பதால், அந்தக் குணமே போகும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

“அந்தக் கோழிங்க கேறவே கேறாதா?” என்றான். கேறாது, அடை உட்காராது என்றேன். அன்றிரவு அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர்ப்பக்கம் வந்துவிடலாம். இந்தியாவின் முட்டை விலையைப் பேசும்போதெல்லாம் கீழே இருக்கும் நாமக்கல்லின் பெயர் வரும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கிய அதே 1982-ல்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2010-லிருந்து பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. மலைப்பிள்ளைகளுக்கும் அது கிடைக்கிறது. அதன் அருமை எனக்குத் தெரியும், ஒரு சொல்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மேலே, காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் அடியில் கிளறித் திரியும் எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழிகள் வேறு ஒரு வாழ்க்கை வாழ்கின்றன. அவை வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டை இட்டால் அதிகம். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேற ஆரம்பித்துவிடும். கல்யாணமாகி மலையேறி வந்த வருடம், முட்டைமேல் உட்கார்ந்த கோழியை முதன்முதலாகப் பார்த்தேன். கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். 23 வயதுவரை ஒரு தாய்க்கோழியைப் பார்த்ததில்லை.

அத்தை அடை வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழைய மூங்கில் கூடையில் மணல், மேலே சாமை வைக்கோல். ஓரத்தில் இரண்டு அடுப்புக்கரி, ஒரு இரும்பு ஆணி, நாலு வரமிளகாய். இடி இடித்தால் கரு கலங்காமலிருக்க இரும்பும் கரியும் என்பார். அதற்கு அறிவியல் காரணம் எனக்குத் தெரியாது, ஆனாலும் நானும் அப்படியேதான் வைக்கிறேன். முட்டைகளைப் பல நாட்களாகச் சேர்த்து வைத்திருந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளியே வரும். கோழி உட்கார்ந்து சூடு கொடுக்கும்வரை கரு வளராமல் காத்திருப்பதுதான் காரணம். அதன் பிறகு 21 நாள். இரவும் பகலும் அது அலகால் முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, அவசர அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டு ஓடிவந்துவிடும். என் மகளைப் பெற்று மூன்று மாதம் நான் இருந்த இருப்பும் ஏறக்குறைய இதுதான்.

குஞ்சு வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓட்டைப் பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானைக்குள் கரையான் அப்பியிருக்கும். அதைத் தட்டிவிட்டால் தாய் ‘க்ளக் க்ளக்’ என்று கூப்பிடும், குஞ்சுகள் ஓடிவரும். கடையில் விற்கும் தீவனத்தில் இருக்கும் புரதம் இங்கே காசில்லாமல் மண்ணிலிருந்து கிடைக்கிறது. என் மகளுக்குக் கூட்டல் கழித்தல் வந்தது இந்தக் குஞ்சுகளை எண்ணித்தான். கோழியை மூடி வைக்கும் கூடையான பஞ்சாரத்தைக் காலையில் தூக்கும்போது ஒன்று, மாலையில் மூடும்போது ஒன்று என இரண்டு கணக்கு. இடையில் வல்லூறு ஒரு கணக்குப் போடும்.

மூடும் பொறுப்பு மகளுடையது. கவிழ்த்த பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லை ஏற்றி வைப்பாள். போன தை மாதம், பனி கொட்டிய ஒரு விடியலில், பஞ்சாரம் புரண்டு கிடந்தது. இருபது நாள் குஞ்சுகள் ஒன்பது. ஏழு செத்துக் கிடந்தன, இரண்டைக் காணவே இல்லை. தாய்க்கோழி இறகெல்லாம் பிய்ந்து பலா மரத்தடியில் நின்றது. மரநாயின் வேலை என்றார் அத்தை.

நான் தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி இழுத்துவந்தேன். “ராத்திரி கல்லு வெச்சியா இல்லியா?” வெச்சேம்மா என்றாள். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, முதுகில் ஓர் அடி வைத்தேன். பதினொரு வயதுப் பிள்ளை. அழவில்லை. சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

சாயங்காலம் கொடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனபோது கால் கல்லில் இடித்தது. அந்தக் கல்தான். முந்தின இரவு பத்து மணிக்குக் குளிர் அதிகமென்று பஞ்சாரத்தின் மேல் சாக்குப் போர்த்தப் போனவள் நான். கல்லைத் தூக்கிக் கொடிக்கடியில் வைத்தவளும் நான். சாக்கைப் போர்த்தினேன். கல்லைத் திரும்ப ஏற்றவில்லை.

இதை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது என்னை வளர்த்தவர்கள் செய்து நான் பார்த்ததில்லை; அதற்கான வார்த்தை வாயில் பழகியிருக்கவில்லை. கடைசியில் அதே வேலிப்பக்கம், பக்கத்து வீட்டு அக்கா இருக்கும்போதே சொன்னேன். அடித்தது எந்த இடமோ அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது. “தெரியும்மா. அன்னைக்கே கல்லைப் பார்த்துட்டேன்” என்றாள்.

கோழி வளர்க்கும் வீட்டில் சாவு அடிக்கடி வரும். பெரிய சாவு வெள்ளைக்கழிச்சலில் வருவது. ராணிக்கெட் நோய் என்பார்கள். இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் 1920களின் கடைசியில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். காலையில் தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும். வந்துவிட்டால் மருந்தில்லை. நான் வந்த மூன்றாம் வருடம் நாலே நாளில் பஞ்சாரம் காலியானது. சீரகமும் மிளகும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து உருட்டி ஊட்டியும் ஒன்றும் தங்கவில்லை. அதற்குப் பிறகு பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமை நாங்கள் தவறவிடுவதில்லை. ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து, 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையத்தில் தயாராகிறது. இரண்டு பெயரையும் பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஒருமுறை முகாம் அன்று விடிவதற்குள் மகன் பஞ்சாரத்தைத் திறந்துவிட்டுவிட்டான். ‘ஊசி குத்தினா வலிக்கும்’ என்பதுதான் காரணம். காபித் தோட்டத்துக்குள் ஒவ்வொரு கோழியாகத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று நான் அவனைத் திட்டவில்லை. தையில் பட்டது மனதில் இருந்தது.

ஆனால் ஆடியில் நான் செய்தது அதைவிடப் பெரிது.

மகனுக்கு ஒரு சேவல் இருந்தது. சாம்பல் கலந்த இறகு, பளீரென்ற மஞ்சள் கால். மஞ்சக்காலன் என்று பெயர் வைத்திருந்தான். அதன் அப்பன் காட்டுக்கோழிதான் என்பது அப்பாயி அவனுக்குச் சொன்ன கதை. விடியற்காலையில் காட்டோரம் சாம்பல் காட்டுக்கோழி கரகரத்த குரலில் கூவினால், இவனும் பதிலுக்குக் கூவுவான், சேவலும் கூவும். கதையில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த ஆய்வு காட்டியது. அதை நான் படித்துச் சொன்னபோது மகன் சேவலின் காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடிப்பெருக்கை ஒட்டி மலையில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் கூட்டம் வரும். எல்லார் வீட்டிலும் உறவுகள் இறங்கும். எங்கள் வீட்டுக்குக் கீழிருந்து ஒன்பது பேர். அடிக்கும் பருவத்தில் இருந்தது மஞ்சக்காலன் ஒன்றுதான். கணவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பிள்ளைகளை மாமாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டோம்.

மத்தியானம் வந்தவன் தேடினான். “மஞ்சக்காலன் எங்கேம்மா?” வீடு நிறைய ஆள். அடுப்பில் குழம்பு. “காட்டுக்குப் போயிருச்சு சாமி, அவங்கப்பாகிட்ட” என்றேன். அவனிடம் இருந்த மிக அழகான கதையை எடுத்து, பொய்க்குப் போர்வையாகப் போர்த்திவிட்டேன். நம்பிவிட்டான். இலையில் விழுந்ததைத் தின்றுவிட்டு, கை நிறைய நொய் எடுத்துக்கொண்டு காட்டோரம் போய், “பா... பா... பா...” என்று கூப்பிட ஆரம்பித்தான். அந்தச் சத்தம் சமையலறை வரை கேட்டது. அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான்.

மூன்றாம் நாள் மகள் என்னிடம் வந்து நின்றாள். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாம்மா?”

நான்தான் போய்ச் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவன் நொய்யைக் கீழே போடவில்லை, கையிலேயே இறுக்கிக்கொண்டு கேட்டான்: “நான் சாப்பிட்டதும் அதுதானா?” ஆமாம் என்றேன். இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. அப்பாயி ஊட்டினால் சாப்பிட்டான். அத்தை எனக்காக ஒன்றும் பரிந்து பேசவில்லை. அவனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “இந்தக் கோழியை வித்துத்தான் உங்கப்பனைப் படிக்க வெச்சேன். விக்கறதும் அடிக்கறதும் மறைக்கற சங்கதி இல்ல. மறைச்சதுதான் தப்பு.”

மலையில் நாட்டுக்கோழி என்பது பெண்களின் கைக்காசு. சந்தையில் பண்ணை முட்டையைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு நாட்டுக்கோழி முட்டை போகும். ஒரு சேவல் போனால் நோட்டுப் புத்தகம் வரும், மருந்துச் செலவு தீரும். எந்தக் கோழியையும் வெட்டக் கூடாது என்று எங்களால் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மகள் ஒரு ஏற்பாடு சொன்னாள். காலில் சிவப்பு நூல் கட்டிய கோழி அவர்களுடையது. அதைத் தொடுவதானால் முதலில் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான். இப்போது முற்றத்தில் இரண்டு சிவப்பு நூல்கள் திரிகின்றன. மகன் இந்த முறை சேவலைத் தேர்ந்தெடுக்கவில்லை, பொட்டைக் கோழியைத்தான் எடுத்தான்.

அந்தக் கோழிதான் இப்போது அடையில் இருக்கிறது. நேற்று பத்தொன்பதாம் நாள். பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் கூடையருகே குப்புறப் படுத்தான். ஓட்டுக்குள்ளிருந்து கீச்சிடும் சத்தம் கேட்கிறதாம். அதற்குத் தாய் மெல்லக் கேறிப் பதில் சொல்கிறதாம். அக்காவைக் கூப்பிட்டான். அவளும் படுத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, நீயும் வா” என்றான்.

படுத்துக் காதை வைத்தேன். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அது யாருடையதென்று தெரியவில்லை. பிறகு கேட்டது.

“இதுல எத்தனை ஆடிக்கு?” என்று என் முகத்தைப் பார்த்தபடி கேட்டான்.

“சேவக்குஞ்சா வந்தா ரெண்டு மூணு” என்றேன். “மிச்சத்தை விப்போம்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என் தலையை லேசாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மறுபடி காதை வைத்துக்கொண்டான்.