கணக்குப்பிள்ளை வரைந்த தையல் கடை... லண்டன் ஏலத்தில் 9 கோடி!

ஏனாத்தூரில் இருப்பவருக்கும் சரி, சென்னை வடபழனியில் இருப்பவருக்கும் சரி, தையல் கடை எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கழுத்தில் இன்ச் டேப், மேஜையில் பெரிய கத்தரிக்கோல், காலடியில் வெட்டுத்துணி. கடை எட்டுக்கு எட்டுதான் இருக்கும். போர்டில் மட்டும் 'டீலக்ஸ்', 'லண்டன்', 'நியூ ஸ்டைல்' என்று பெயர் அமர்க்களப்படும்!

அப்படியொரு கடையை 1972-ல் ஒருவர் ஓவியமாக வரைந்தார். 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' என்றே பெயரும் வைத்தார். 45 வருடங்கள் கழித்து, 2017 அக்டோபரில், நிஜ லண்டனில், சோத்பீஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. எதிர்பார்த்த விலையைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறி, 11 லட்சம் பவுண்டைத் தாண்டி நின்றது. அன்றைய மதிப்பில் ஒன்பது கோடி ரூபாய்க்கும் மேல்.

வரைந்தவர் பூபேன் கக்கர். அந்த விலையைப் பார்க்க அவர் இல்லை. 2003-லேயே இறந்துவிட்டார்.

1934-ல் மும்பையில் பிறந்த கக்கர், படித்தது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பு. ஓவியம் வரைய யாரிடமும் முறையாகக் கற்றவர் இல்லை. 1960-களின் தொடக்கத்தில், நண்பர் குலாம் முகமது ஷேக் தந்த ஊக்கத்தில் பரோடாவுக்குப் போனார். அங்கே கலை விமர்சனம் படித்தார். வயிற்றுப்பாட்டுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதினார். மீதி நேரமெல்லாம் தூரிகைதான்.

ஆரம்பத்தில் காலண்டர் சாமி படங்களை வெட்டி ஒட்டி ஓவியம் செய்தார். கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களை பூஜையறையில் மாட்டி வளர்ந்த நமக்கு அது புதிதாகத் தெரியாது. ஆனால், 'உயர்ந்த கலை' பேசுகிறவர்கள் அந்தக் காலத்தில் முகம் சுளிக்கிற சமாசாரம் அது.

பிறகுதான் கடைக்காரர்கள் வந்தார்கள். தையல்காரர், முடிதிருத்துபவர், வாட்ச் ரிப்பேர்காரர். கடை போர்டு ஓவியர் அடிப்பதுபோல பளீர் வண்ணம், போட்டோ ஸ்டுடியோவில் நிற்பதுபோல விறைப்பான ஆட்கள். பார்த்ததும் சிரிப்பு வரும். கொஞ்சம் நேரம் நின்று பார்த்தால், தன் சின்ன கடைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் மேல் ஒரு வாஞ்சையும் வரும். கக்கரின் கிண்டல் அந்த மனிதர்களைப் பார்த்து அல்ல. அவர்களை வரையத் தகுதியற்றவர்கள் என்று நினைத்தவர்களைப் பார்த்துத்தான்.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1972-ல் தன் கண்காட்சிக் கையேட்டுக்கு ஜேம்ஸ் பாண்டாகவும், ஆணழகனாகவும் வேஷம் கட்டி போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டார்!

இந்தத் தையல் கடையை வைத்திருந்தவர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின். புகழ்பெற்ற ஆங்கில ஓவியர், கக்கரின் நண்பர். இங்கிலாந்துக்குப் போனபோது கக்கர் தங்கியது இவர் வீட்டில்தான். 2017 மார்ச்சில் ஹாட்ஜ்கின் இறந்த பிறகு, அவர் சேர்த்துவைத்தவை ஏலத்துக்கு வந்தபோது இந்த ஓவியமும் வந்தது.

அடுத்த விலை இதைவிடப் பெரியது. 1982-ல் கக்கர் வரைந்த 'டூ மென் இன் பனாரஸ்', இரண்டு ஆண்களின் காதலை ஒளிவுமறைவின்றிக் காட்டும் படம். தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்று இந்தியாவில் ஓர் ஓவியர் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதே அபூர்வமாக இருந்த காலம். சட்டப்படி அது குற்றமும்கூட. 377-வது பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டம்பரில். 2019 ஜூனில் இந்த ஓவியம் லண்டனில் 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சுமார் 22 கோடி ரூபாய்!

இதிலெல்லாம் வரைந்தவருக்கு என்ன கிடைக்கும்? ஓவியர் முதலில் விற்ற விலை அவருக்கு. அதன் பிறகு கை மாறும்போது லாபம், வைத்திருந்தவருக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கொரு வழி உண்டு. 1994 திருத்தத்தில் சேர்ந்த 53-ஏ பிரிவின்படி, அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அதில் 10 சதவிகிதத்துக்கு மிகாமல் ஒரு பங்கை ஓவியரோ, அவருடைய வாரிசுகளோ கேட்கலாம். ஆனால், இது இந்தியச் சட்டம். ஏலம் நடந்ததோ லண்டனில். இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் படம் விற்கும் இளம் ஓவியர்கள் இதைக் கொஞ்சம் படித்துவைப்பது நல்லது.

ஏல அரங்கையே கேலி செய்தவர்களும் உண்டு. 2018-ல் பேங்க்ஸியின் ஓவியம் சோத்பீஸில் 10 லட்சம் பவுண்டுக்கு விற்று, சுத்தியல் தட்டிய மறுநொடி சட்டகத்துக்குள் இருந்த இயந்திரம் அதைப் பாதி கிழித்தது. கிழிந்த அதே படம் 2021-ல் ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டுக்குப் போனது!

கக்கரின் இன்னொரு படம் மட்டும் ஏலப் பேச்சுக்கே இடமில்லாத இடத்தில் இருக்கிறது. 1981-ல் வரைந்த 'யூ கான்ட் ப்ளீஸ் ஆல்'. அப்பா, மகன், கழுதை கதைதான். யார் ஏறினாலும் ஊர் ஏதாவது சொல்லும் அல்லவா, அதே கதை. பால்கனியில் உடையில்லாமல் நிற்கும் ஒருவர், கீழே நடக்கும் அந்தக் கூத்தை வேடிக்கை பார்க்கிறார். 1996-ல் லண்டன் டேட் அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. 2016-ல் அதே பெயரில் அங்கே கக்கரின் பெரிய கண்காட்சி நடந்தபோது, பிரபல லண்டன் பத்திரிகையின் விமர்சகர் ஒருவர் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' ஏலம் போனது அதற்கு அடுத்த வருடம்.