உலாவியும் வாசகன் உரிமையும்: நிரல்களை நிறுத்தும் ஆளி பற்றிய ஒரு நோக்கு

அச்சிட்ட பக்கம் வாசகனிடம் எதனையும் வேண்டி நிற்பதில்லை. இணையப் பக்கம் அத்தகையதன்று. அதனைத் திறக்கும்பொழுது எழுத்தும் படமும் மட்டுமன்றி, ஜாவாஸ்கிரிப்ற் எனும் மொழியில் எழுதப்பட்ட நிரல்களும் உடன்வந்து, வாசகனுடைய கருவியிலே, அவனுடைய மின்சாரத்திலும் அவன் பணம் செலுத்திப் பெற்ற டேற்றாவிலும் இயங்கத் தொடங்குகின்றன. இவற்றை இயங்கவிடாது நிறுத்தும் உரிமை யாருக்குரியது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும். தொழில்நுட்பவியலாளருக்கு மட்டுமுரிய விடயம்போலத் தோன்றினும், இது வாசிப்பின் பொருளாதாரத்தோடு நேரடித் தொடர்புடையது.

கட்டுகஸ்தோட்டையில், மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் பிரியுமிடத்துக்கு அண்மையிலே, தொடர்பாடல் நிலையமொன்றில் நாம் கண்டது இதற்கு உதாரணமாகும். உயர்தர மாணவி ஒருத்தி தன் கைத்தொலைபேசியிலே செய்தித்தளமொன்றின் கட்டுரையை வாசிக்க முயன்றுகொண்டிருந்தாள். தலைப்பு வந்தது, அதன்மேல் விளம்பரம் வந்தது, அதனை மூடியதும் அறிவித்தல்களுக்கு இணங்குமாறு ஒரு கேள்வி, பின்னர் தானாக ஓடும் வீடியோ. கட்டுரையின் முதற் பந்தியை எட்டுமுன்னரே டேற்றா தீர்ந்துவிட்டது. அவள் மீண்டும் ரீலோட் செய்தபின், குரோம் உலாவியின் தள அமைப்புகளுக்குட் சென்று ஜாவாஸ்கிரிப்ற்றை நிறுத்திக் காட்டினோம். கட்டுரை வெறும் எழுத்தாக, உடனேயே வந்தது. "சேர், இந்த பட்டன ஏன் இவ்வளவு உள்ளுக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1995 இல் நெற்ஸ்கேப் கம்பனியிலே பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாள்களில் உருவாக்கினார். முந்திய உலாவிகளிலே அதனை நிறுத்தும் ஆளி கண்முன்னே இருந்தது. பயர்பொக்ஸ் உலாவியிலும் இருந்தது. 2013 ஓகஸ்ற்றில் வெளியான அதன் 23 ஆம் பதிப்பிலே மொஸில்லா நிறுவனம் அதனை அகற்றியது. படங்கள் தாமாக ஏறாதிருக்கச் செய்யும் தெரிவும் அதனோடு போயிற்று. அந்நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் லிமி அவ்வாண்டு மார்ச்சிலேயே இதற்கான நியாயத்தை எழுதியிருந்தார்: அறியாது அத்தகைய ஆளியைத் தொட்டவருக்கு உலாவியே பழுதுபட்டதாகத் தோன்றும் என்பது அவர் வாதத்தின் சாரம். இது பொய்யன்று. ஆயினும் ஆளி அழிக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அது உள்ளமைப்புப் பட்டியலொன்றுக்குள் நகர்த்தப்பட்டது. அறிந்தோனுக்கு உண்டு, அறியாதோனுக்கு இல்லை. நிரல்களைத் தளந்தோறும் தெரிந்து அனுமதிக்க உதவும் நோஸ்கிரிப்ற் எனும் நீட்சியை இத்தாலியரான ஜோர்ஜியோ மவோனே 2005 இலேயே ஆக்கியிருந்தார். அதுவும் அறிந்தோனுக்கே பயன்பட்டது.

இங்கு யாருடைய நலன் மறைந்துள்ளது என்பதைக் கொயின்ஹைவ் தெளிவாக்கிற்று. 2017 இல் தோன்றி 2019 மார்ச்சில் மூடப்பட்ட இச்சேவையின் நிரலைத் தன் பக்கத்தில் இட்ட தள உரிமையாளர், வருவோரின் கணினிகளைக்கொண்டு மொனேறோ எனும் மறைநாணயத்தை ஈட்டலாம். 2018 பெப்ரவரியில், பார்வைக் குறைபாடுடையோருக்கெனப் பக்கங்களை வாசித்துக்காட்டும் பிரவுசலவுட் எனும் நிரலுக்குள் எவரோ இதனைப் புகுத்த, நாலாயிரத்துக்கு மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் சுரங்கங்களாயின. பிரித்தானியத் தகவல் ஆணையாளரின் தளமும் அவற்றுள் ஒன்று. வாசகன் வாசித்துக்கொண்டிருக்க, அவனது கருவி இன்னொருவனுக்காக உழைத்தது. உபரியை உறிஞ்சும் முறை இத்துணை அப்பட்டமாக வெளிப்படுவது அரிது. விளம்பரங்களுக்காக வாசகனைப் பின்தொடரும் நிரல்கள் இதனையே மெதுவாகச் செய்கின்றன. ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 2009 இலேயே இந்நிரல்கள் குறித்து எச்சரித்தார்; ஆனால் அவர் அதனைப் பெரிதும் மென்பொருட் சுதந்திரத்தின் பிரச்சினையாகவே கண்டார். டேற்றாவை நாளுக்கு நாள் சில்லறையாக வாங்குவோனுக்கு அது செலவின் பிரச்சினையுமாகும்.

எனினும் நிரலையே பகையாகக் கொள்ளுதல் இயந்திரங்களை உடைக்க முற்பட்ட லுடைற்றுகளின் வழியாகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவிலே விசைப்பலகை எதனையும் நிறுவாது தமிழில் எழுத வழிசெய்வது ஜாவாஸ்கிரிப்ற்றே. அதனை நிறுத்தினால் அவ்வசதி போய்விடும். ஆயின் கட்டுரைகளை வாசிப்பதற்குத் தடையில்லை. இவ்வேறுபாடே முக்கியமானது. வாசிப்புக்கு நிரல் துணையாக அமைந்த தளத்தில் ஆளியின் பயன் வாசகனிடம் இருக்கும். நிரலின்றி வெற்றுத் திரையும் 'ஜாவாஸ்கிரிப்ற்றை இயக்குக' எனும் ஒற்றை வரியும் மட்டுமே தரும் தளத்தில் ஆளி பெயரளவிலேயே இருக்கும்.

கண்டி மக்கள் வேறோர் ஆளியையும் அறிவர். 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களுக்கெதிராக மூண்ட வன்முறை கட்டுகஸ்தோட்டை வரையும் பரவியபோது, 7 ஆம் திகதி அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றை முடக்கியது. பேஸ்புக் மீளத் திறக்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. வெறுப்புப் பிரசாரம் அவ்வழியே பரவியமை உண்மை. உறவினரின் நலம் அறியும் வழி அதனால் அடைபட்டமையும் உண்மை. கம்பனி வைத்த ஆளி எதனை முதலில் காட்டுவதென்று தீர்மானித்தது, அரசு வைத்த ஆளி அனைத்தையும் நிறுத்தியது. வாசகனுக்குரியது மட்டும் அமைப்புகளுள் நான்காம் ஐந்தாம் படியிலே கிடக்கின்றது.

அம்மாணவிக்கு நாம் சொன்னதும் இதுவே: வங்கி, பதிவுப் படிவம் ஆகியவற்றுக்கு நிரலை அனுமதிக்கவும், செய்திக்கு நிறுத்தவும். குரோமில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே விதிக்கலாம். அவள் அவ்விடத்திலேயே மூன்று தளங்களை நிறுத்திவிட்டாள்.