எண்ணெய் தோலுக்கு மட்டுமே; மூக்கிற்கு வேண்டா

நான்கு மாதக் குழந்தை ஒன்று, மூன்று வாரங்களாக நீடித்த இருமலோடும் மூச்சிரைப்போடும் எங்களிடம் கொண்டுவரப்பட்டது. இருமுறை கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தும் எக்ஸ்ரே படத்தில் நிழல் மறையவில்லை. “வீட்டில் வேறு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா?” என்று கேட்டதற்கு, “இல்லை” என்றார் தாய். “குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதுண்டா?” என்று கேட்டபோதுதான், “அது தினமும் விடுவதுதானே, டாக்டர்!” என்றார் பாட்டி. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. எண்ணெயை மருந்தாக எண்ணவில்லை, அவ்வளவே.

இந்நோய்க்கு ‘லிப்பாய்டு நிமோனியா’ என்று பெயர். மூக்கில் விடும் எண்ணெயால் இது உண்டாவதை 1925-ஆம் ஆண்டிலேயே லாஃப்லன் என்னும் மருத்துவர் விவரித்துள்ளார்.

தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால் குழந்தை உடனே இருமும். எண்ணெயோ இருமலைத் தூண்டாமலேயே வழுக்கிச் சென்று நுரையீரலில் தங்கிவிடக்கூடும். அதனைக் கரைத்து அகற்ற இயலாமல் உடலின் காவல் அணுக்கள் திணறும்போது அழற்சி உண்டாகிறது. நாளடைவில் தழும்பும் ஏற்படலாம். விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், திரவ பாரஃபின் ஆகிய எதுவும் இதற்கு விலக்கன்று. அழும் குழந்தையின் வாயில் எண்ணெயைக் கட்டாயமாகப் புகட்டுவதும் இதே ஆபத்தை விளைவிக்கும்.

எண்ணெய் விடுவதை நிறுத்துவதே முதல் சிகிச்சை. நோய் கடுமையாயின் ஆக்சிஜன் தேவைப்படும். சிலருக்கு நுரையீரலைக் கழுவவும் நேரிடும்.

உடலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டத் தடையில்லை. மூக்கடைப்பிற்கு மருத்துவர் கூறும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். தாய்ப்பால் மட்டுமே அருந்தும் குழந்தை சில நாள்கள் மலம் கழிக்காதிருப்பது இயல்பாகவும் இருக்கலாம். அதற்காக விளக்கெண்ணெய் புகட்ட வேண்டா.

அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதன்பின் ஓராண்டு வரை 50 என்னும் அளவை எட்டினாலும், விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், பால் குடிக்க இயலாவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்தக் குழந்தை சில வாரங்களில் தேறியது. அதற்கு வழிவகுத்தது பாட்டி சொன்ன உண்மையே. ஆகவே, வீட்டில் கொடுத்தது எதுவாயினும் தயங்காமல் கூறுங்கள். உங்களைக் குறைகூற நாங்கள் கேட்பதில்லை.