மூட்டை கட்டும் வித்தை

ரயில் பிரயாணம் கிளம்பும் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையார் அம்மிக்கல் நீங்கலாக வீட்டிலுள்ள சகல சாமான்களையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து சேர்ப்பார்கள். மற்றொரு வகையார் நாலு பேருக்கு வேண்டியதை ஒரே பெட்டியில் அடக்கிக்கொண்டு, சிரித்த முகத்துடன் வண்டி ஏறுவார்கள். எதை எடுத்துப் போவது என்று யாரும் சொல்லிவிடலாம்; எதை விட்டுப் போவது என்று தீர்மானிப்பதற்குத்தான் புத்தி வேண்டும். இந்த உண்மை சமீபத்தில் ஒரு பழைய தஸ்தாவேஜின் மூலமாக எனக்கு நன்றாய் விளங்கிற்று.

எங்கள் பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, பன்னிரண்டு பக்கம் கொண்டது, என் வசம் இருக்கிறது. ஊரில் நிலத்தின் எல்லையைப் பற்றி ஒரு தகராறு கிளம்பவே, அதை உடனே வக்கீலிடம் காட்டவேண்டும் என்று தில்லியிலிருக்கும் என் தமையனார் தெரிவித்தார். பழுப்பேறி மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும் அந்தக் காகிதத்தைத் தபாலில் அனுப்ப மனம் துணியவில்லை. ஆகவே, ஸ்கானரில் பக்கம் பக்கமாக வைத்துப் படம் எடுத்தேன். படங்கள் பி.எம்.பி. என்னும் வகையில் கணினியில் சேர்ந்தன. அவற்றை மின்னஞ்சலில் இணைக்கப் போனால், 25 மெகாபைட்டுக்கு மேல் சுமக்க முடியாது என்று அஞ்சல் கையை விரித்துவிட்டது. என் பன்னிரண்டு பக்கமோ 300 மெகாபைட்டையும் தாண்டி நின்றது!

கையில் எடுத்தால் ஒரு வெற்றிலைக் கவுளியின் கனங்கூட இல்லாத பத்திரத்துக்கு இவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது?

விஷயம் இதுதான். கணினிக்கு எழுத்தும் தெரியாது, முத்திரையும் தெரியாது, புள்ளிகள்தாம் தெரியும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால், குறுக்கே 2,480 புள்ளி, நெடுக்கே 3,508 புள்ளி. ஆகச் சுமார் 87 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறங்களுக்காக மூன்று பைட் இடம் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் பக்கத்துக்கு 26 மெகாபைட்! சாதாரண பி.எம்.பி. படம் இந்தக் கணக்கில் ஒரு தம்படியும் தள்ளுபடி செய்வதில்லை. பக்கத்தின் தலைப்பில் வெறும் இடமாயிருந்தாலும், "வெள்ளை, வெள்ளை, வெள்ளை" என்று வரிக்கு 2,480 தடவை எழுதி வைக்கிறது. ஸ்ரீராமஜயம் எழுதுகிறவர்களுக்குப் புண்ணியமாவது உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

இந்தப் பாரத்தைக் குறைக்க இரண்டு மார்க்கங்கள் இருக்கின்றன. முதலாவது, "வெள்ளை 2,480" என்று ஒரே தரம் எழுதிவிடுவது. இதில் ஒரு புள்ளியும் நஷ்டமில்லை. மடித்த புடவையைப் பிரிப்பதுபோல் வேண்டும்போது பிரித்துக் கொள்ளலாம். ஃபாக்ஸ் யந்திரங்களுக்காக வகுக்கப்பட்ட "குரூப் 4" என்னும் முறை இந்த ஜாதியைச் சேர்ந்தது. நிறம் வேண்டாத அச்சுப் பக்கமானால், அதைக் கறுப்பு வெள்ளையாக்கிய மாத்திரத்தில் 26 மெகாபைட் சுமார் 1.1 மெகாபைட்டாகிவிடும். அதையும் குரூப் 4 முறையில் மடித்தால், பல பக்கங்கள் தலைக்கு நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது மார்க்கம் சற்றுத் துணிச்சலானது. கண்ணுக்குப் புலப்படாததை எறிந்தே விடுவது! 1992-ல் தரமாக அங்கீகரிக்கப்பட்ட ஜே.பி.இ.ஜி. முறை இதைத்தான் செய்கிறது. மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை நுட்பமாகக் காணும். நிறத்தின் சிறு மாறுதல்களை அவ்வளவாகக் கவனியாது. ஆகவே நிற விவரங்களில் பெரும் பகுதியை முதலிலேயே கழித்து விடுவது வழக்கம். பிறகு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பல அலைகளின் கூட்டாக மாற்றி எழுதுகிறார்கள். நிதானமாக ஏறி இறங்கும் அலைகளைக் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள். படபடவென்று ஏறி இறங்கும் அலைகளைத் தோராயமாக வைத்துக்கொள்கிறார்கள், அல்லது அடியோடு விட்டுவிடுகிறார்கள். படம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

இந்த அலைக் கணக்கின் பிதா யார் என்பதை நம்மவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அவர் 1940-ல் பெங்களூரில் பிறந்த நஸீர் அகமது. அவ்வூரிலேயே எஞ்சினீயரிங் படித்து அமெரிக்கா சென்று, கான்ஸாஸ் ஸ்டேட் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தார். 1972-ல் இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தேசிய விஞ்ஞான ஸ்தாபனத்திடம் பொருளுதவி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாயிருக்கிறதாம்! அவர் மனந்தளராமல் 1973 கோடையை இந்த வேலைக்கே அர்ப்பணம் செய்தார். நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து, 1974 ஜனவரியில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். இன்று கல்யாண வீட்டில் எடுத்து ஊரெங்கும் அனுப்பும் ஜே.பி.இ.ஜி. படம் ஒவ்வொன்றிலும் அந்த எளிய யோசனைதான் வேலை செய்கிறது.

இப்படிச் சுருக்கிய பக்கங்களை வரிசை குலையாமல் ஒன்றாகக் கட்டி அனுப்ப ஒரு பெட்டி வேண்டுமல்லவா? அதுதான் பி.டி.எஃப். அடோபி கம்பெனியார் 1993-ல் வெளியிட்ட இந்த முறை, 2008-ல் சர்வதேசத் தரமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் பக்கமாகவே நிற்கும். ஆனால் பெட்டி வேறு, மடிப்பது வேறு. சுருக்காத படத்தை அப்படியே பி.டி.எஃப்.பில் திணித்தால், பெட்டிதான் வீங்கும்.

என் மருமான் கல்லூரி மாணவன். "இவ்வளவுதானா, மாமா?" என்று சொல்லி, ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு பக்கத்தையும் அரை மெகாபைட்டுக்குள் அடக்கி அனுப்பிவிட்டான். நானும் மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலையில் தமையனார் டெலிபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, வக்கீல் கேட்கிறார்: சர்வே எண் 138-ஆ, 188-ஆ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுத்தின் கூரிய ஓரங்கள் இருக்கின்றனவே, அவை அந்தப் படபட அலைகளில்தான் குடியிருக்கின்றன. அளவு மீறி எறிந்தால் 3-ம் 8-ம் ஒரே மங்கலாகிவிடும். மங்கலாவது தேவலை, பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்னும் கணினி நிபுணர் கண்டுபிடித்தது அதைவிடப் பயங்கரம். ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கான் செய்தபோது, 21.11 என்றும் 17.42 என்றும் இருந்த அறைகளின் அளவுகள் நகலில் 14.13 என்று பளிச்சென்று மாறியிருந்தன! ஒரே மாதிரித் தோன்றும் உருவங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் ஒரு சுருக்குமுறையின் கைவரிசை அது. யந்திரத்தைச் செய்த கம்பெனியார் பின்னர் அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே, இரண்டாம் தடவை நாங்கள் அவசரப்படவில்லை. மங்கிய மையும் சிவப்பு முத்திரையும் உள்ள பத்திரமாதலால், நிறத்தையும் அங்குலத்துக்கு 300 புள்ளியையும் அப்படியே வைத்துக்கொண்டோம். ஜே.பி.இ.ஜி.யின் தரத்தை உயர்வாக வைத்து, மூலப் படங்களிலிருந்தே புதிதாகச் சுருக்கினோம். ஏற்கனவே சுருக்கியதைத் திரும்பச் சுருக்கினால் பழுது வளருமே தவிர, குறையாது. பிறகு எண்கள் உள்ள இடங்களையெல்லாம் பெரிதாக்கி, மருமான் படிக்க, நான் காகிதத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கமும் ஒரே பி.டி.எஃப்.பாகச் சுமார் 10 மெகாபைட்டில் அடங்கிற்று. மூலப் படங்களை நஷ்டமில்லாத முறையில் மடித்து, இரண்டு தனித்தனி இடங்களில் பத்திரப்படுத்தினோம். காகிதம் பழையபடி இரும்புப் பெட்டிக்குள் போயிற்று.

அன்று மாலையே தமையனார் கூப்பிட்டார். "138 தான், தம்பி. வக்கீலுக்குத் திருப்தி. அது கிடக்கட்டும்; கடைசிப் பக்கத்தில் தாத்தா கையெழுத்துப் போட்டபோது ஒரு சொட்டு மை சிந்தியிருக்கிறதே, பார்த்தாயா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் கவனித்ததில்லை. சிந்திய மை அப்படியே இருந்தது.