குளிர்நாட்டுத் திராட்சை

இங்கிலாந்தில் திராட்சை மது உண்டாகிறது என்றால் பூகோளம் பயிலும் மாணவர் சற்றே ஐயுறுவர். மதுவுக்குரிய திராட்சை, வட கோளத்தில் ஏறத்தாழ 30 முதல் 50 பாகை வரையுள்ள நிலங்களுக்கே உரியது என்று நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. தென் இங்கிலாந்தோ 51 பாகையை ஒட்டியுள்ளது. ஆயினும் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்கள் நாற்பதுக்கு மேல் குறிக்கப்பெற்றுள்ளன. பின்னர் அத்தொழில் நலிந்து, முதல் உலகப் போர்க் காலத்தில் ஏறக்குறைய அற்றே போயிற்று.

அதனை மீண்டும் தொடங்கியோருள் ஒருவர் போர்வீரர். பிரான்சில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் சர் கை சாலிஸ்பரி-ஜோன்ஸ், 1952ஆம் ஆண்டளவில், ஹாம்ப்ஷயரிலுள்ள ஹாம்பிள்டன் என்னும் சிற்றூரில் தம் இல்லத்தை அடுத்த சரிவில் கொடிகளை நட்டார். கிரிக்கெட்டின் தொட்டில் என்று ஆட்டப் பிரியர் போற்றும் ஊரும் அதுவே. மதுவின் பெருமையை மாணவர்க்கு எடுத்துரைப்பது என் கருத்தன்று. ஒரு பயிரை அதன் எல்லைக்கு அப்பால் வளர்ப்பவன் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்பதையே காண்போம்.

முதலாவது, இடம். தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேராக ஏற்கும். குளிர்ந்த காற்று கனமானது. ஆதலின் அது நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தில் நட்ட கொடி உறைபனிக்கு இரையாகும். சரிவில் நட்டது பெரும்பாலும் பிழைக்கும். நாம் பெயரளவில் அறிந்த சீமைச் சுண்ணாம்பு, அந்தச் சீமையில் குன்றாகவே நிற்கிறது. அப்பாறை மிகுந்த மழைநீரை வடியவிட்டு, வேருக்கு வேண்டிய ஈரத்தைத் தன்னுள் தேக்கி வைக்கிறது. கால்வாய்க் கடலுக்கு அப்பால், பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்திலும் இதே வகைப் பாறை உண்டு.

ஏப்ரலில் மொட்டு விரியும். அப்பொழுது ஓர் இரவு உறைபனி பெய்தால் இளந்தளிர் கருகி, அவ்வாண்டு விளைச்சல் பெரும்பகுதி தொலைந்துவிடும். அத்தகைய இரவுகளில் கொடி வரிசைகளுக்கிடையே பெரிய மெழுகு விளக்குகளை ஏற்றிவிட்டு, வெப்பமானியும் கையுமாக விடியுமளவும் விழித்திருப்போர் உண்டு.

பனிக்குத் தப்பினும் வெயிற்குறை உண்டு. கனியும்போது சர்க்கரை பெருகும், புளிப்புக் குறையும். இங்கிலாந்தின் குறுகிய கோடையில் அம்மாற்றம் முழுமையுறுவதில்லை. சர்க்கரை குறைந்து, பச்சை ஆப்பிளிலுள்ள மாலிக் அமிலம் மிகுந்து நிற்கும். ஹாம்பிள்டனில் முதலில் ஆக்கிய சாதாரண வெண்மதுவுக்கு இது பெருங்குறையாகவே இருந்தது.

அக்குறையே நுரைக்கும் மதுவுக்கு ஏற்றதாகிறது. புளித்து முடிந்த மதுவைப் புட்டியில் அடைத்து, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் சிறிது ஈஸ்ட்டும் சேர்ப்பர். ஈஸ்ட் அச்சர்க்கரையை உண்டு மேலும் சாராயமும் கரியமில வாயுவும் உண்டாக்கும். வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்து, ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தத்தை அடையும். இவ்வாறு சாராயச் சத்து மீண்டும் ஏறுவதால், தொடக்கத்தில் சர்க்கரை மிகாத கனியே விரும்பத்தக்கது. புளிப்போ மதுவைப் பல்லாண்டு கெடாது காக்கும். சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்வதைப் பற்றிக் கிறிஸ்டோபர் மெரட் என்னும் ஆங்கிலேயர் 1662ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்துள்ளார். அவ்வழுத்தத்தைத் தாங்கும் தடித்த புட்டிகளும், நிலக்கரி உலையில் உருக்கிய ஆங்கிலக் கண்ணாடியால் அக்காலத்தே கிடைத்தன.

ஹாம்பிள்டனிலும், 2005ஆம் ஆண்டு முதல் சார்டனே, பினோ நுவார், பினோ முனியே என்னும் ஷாம்பேன் வகைகளை நட்டு நுரைக்கும் மதுவை ஆக்கலாயினர். 2015இல் ஷாம்பேனின் தைத்தாஞ்சே நிறுவனமே கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியது. உலகம் வெப்பமுறுவதும் இதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தின் கோடை முன்னினும் நீண்டு, கனி நன்கு பழுக்கிறது. எனினும் வசந்தம் முந்தி வருவதால் மொட்டும் முந்தி விரிகிறது; உறைபனியோ மே மாதம் வரையிலும் வருவதுண்டு. ஆகவே மெழுகு விளக்குகளை இன்னும் எவரும் அப்புறப்படுத்தவில்லை.